நோகுது என்று சொல்ல ஓர் இடம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பதினைந்து வயதுக்குட்பட்ட வலைப்பந்து அணியைப் பயிற்றுவித்த அனுபவத்தைப் பற்றிப் பேசும்படி சங்கம் எங்களைக் கேட்டுக்கொண்டது. மூன்று பேர் இதைச் செய்தோம். ஒருவர் வங்கியில் வேலை. ஒருவர் இதே பாடசாலையில் ஆசிரியை. மூன்றாமவர் மருதானையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள வைத்தியசாலையில் வைத்தியர். அவர்தான் இப்போது உங்கள் முன் நிற்கிறார். உரையை மூவரும் சேர்ந்தே எழுதியதால் முழுக்க ‘நாங்கள்’ என்றே பேசப் போகிறோம். பிழை விட்ட இடங்களிலும் அப்படியே. யார் எதைச் செய்தோம் என்று பிரித்துப் பார்த்தபோது, தப்புகிறவர் ஒருவரும் இருக்கவில்லை.

முதலில் நாங்கள் விளையாடிய காலத்தைப் பற்றிக் கொஞ்சம். 1996 ஜனவரி 31ஆம் திகதி கோட்டையில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தபோது நாங்களும் பதினைந்து வயதுப் பிள்ளைகள்தான். அதன் பிறகு ஒரு போட்டிக்காகப் பொரளைக்குப் போவதென்றாலும் அதிபரின் கடிதம் வேண்டும், கடிதத்தில் எல்லோருடைய பெயரும் வேண்டும். வானை மறித்தால் கடிதத்தை நீட்டுவதற்காக எங்கள் ரீச்சர் முன் இருக்கையிலேயே இருப்பா. பாதி வீடுகளில் “பள்ளிக்கூடம் முடிந்தால் நேரே வீட்டுக்கு வா” என்பதே சட்டம். கண்டிக்கோ மட்டக்களப்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அணியாகப் போய் விளையாடுவதை நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை. வெளியூர்ப் பயணம் என்று எங்களுக்கு இருந்ததெல்லாம் பழைய பெயர்ப்பலகையில் இருந்த அக்காமாரின் கதைகள்தான்.

அந்தக் கதைகள் வெறும் பெருமைப் பேச்சு அல்ல. இந்த விளையாட்டில் இலங்கைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1960ஆம் ஆண்டு பல நாடுகளின் பிரதிநிதிகள் இலங்கையில் கூடித்தான் விதிகளை ஒன்றாக்கினார்கள், சர்வதேசச் சம்மேளனத்தையும் அமைத்தார்கள். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்பேர்ன் நகரில் முதலாவது உலகப் போட்டி நடந்தபோது இலங்கை அணியும் ஆடியது. எங்கள் தலைமுறைக்குக் கிடைத்ததோ சீமெந்து முற்றமும் ஒரு பக்கம் சரிந்த கம்பமும்தான்.

ஆகவே, 2017இல் அதிபர் எங்களை அழைத்து அணியைக் கையில் தந்தபோது நாங்கள் பிள்ளைகளுக்காக மட்டும் அதை வாங்கவில்லை. எங்களுக்குக் கிடைக்காத பயணத்தை இவர்கள் போகவேண்டும், போனால் கிண்ணத்தோடு திரும்பவேண்டும் என்ற ஆசை மூவருக்கும் இருந்தது. ஆசையில் பிழை இல்லை. ஆனால் அதைப் பிள்ளைகள் சுமக்கிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

விளையாட்டை மறந்தவர்களுக்காக ஒரு சின்ன ஞாபகமூட்டல். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பந்து கையில் வந்தால் ஓட முடியாது. மூன்று விநாடிக்குள் இன்னொருத்தியிடம் கொடுத்தாகவேண்டும். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் தனியாக ஒன்றும் செய்ய முடியாத விளையாட்டு இது. அணிக்குப் பன்னிரண்டு பேரைக் கூட்டிப் போகலாம், ஒரு நேரத்தில் ஆடுவது ஏழு பேர்.

மிச்சம் ஐந்து பேரைப் பற்றி முதல் வருடம் நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒரு பிள்ளை இரண்டு தவணை முழுவதும் எங்களோடு ஊர் ஊராக வந்தாள். தண்ணீர்ப் போத்தல் தூக்கினாள், தோடம்பழம் வெட்டினாள், புள்ளி எழுதினாள். ஒரு நிமிடம் கூட ஆடவில்லை. வத்தளையில் நடந்த ஒரு போட்டிக்கு அவளுடைய அம்மா வேலைத்தலத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தா. போட்டி முடிந்ததும் எங்களிடம் வந்து, “பிள்ளை நல்லா உதவி செய்யிறா என்ன மிஸ்?” என்று சிரித்துக்கொண்டு கேட்டா. அந்தச் சிரிப்புக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் பதினெட்டுப் புள்ளியால் வென்றிருந்தோம். அவளை ஒரு காற்பகுதி இறக்கியிருந்தாலும் வென்றிருப்போம்.

இப்போது முழங்கால் கதைக்கு வருகிறோம். இதைச் சொல்வதற்கு அந்தப் பிள்ளையிடம் அனுமதி கேட்டோம், தந்தாள். பெயர் சொல்லவில்லை.

அவள் உயரமான பிள்ளை. எட்டாம் வகுப்பிலேயே ரீச்சர்மாரைவிட உயரம். வகுப்புப் படத்தில் எப்போதும் பின்வரிசை, எப்போதும் முதுகைக் கூனிக்கொண்டு நிற்பாள். பஸ்ஸில் ஏறினால் பகிடி, தெருவில் நடந்தால் பகிடி. “இவ்வளவு உயரத்துக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுறது” என்று வீட்டில் அம்மம்மாவின் கவலை வேறு. நாங்கள் அவளுக்குத் தர்ஜினி சிவலிங்கத்தின் ஆட்டத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினோம். யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளை, ஆறடி பத்து அங்குலம், 2009இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியின் கோல் ஷூட்டர். அவள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அடுத்த தவணையில் எங்கள் கோல் ஷூட்டர் அவள். முதுகு நிமிர்ந்துவிட்டது. அவளுடைய உயரம் பகிடியாக இல்லாத ஒரே இடம் அந்த முற்றம்தான் என்பதை அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

2018 ஜூலையில் ஒரு மாலைப் பயிற்சி. உயர எழும்பிப் பந்தைப் பிடித்தாள், ஒற்றைக் காலில் இறங்கினாள், முழங்கால் உள்பக்கமாகத் திரும்பியது. வீட்டுக்குப் போகும்போதே வீங்கியிருந்தது. ஐஸ் வைக்கச் சொன்னோம். மூன்றாம் நாள் வந்து “இப்ப ஒண்டும் இல்லை டொக்டர் மிஸ்” என்றாள்.

இந்த இடத்தில் வைத்தியராக ஒரு வார்த்தை. முழங்காலுக்குள் எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார்களில் ஒன்றை ஏ.சி.எல். என்போம். திரும்பிய முழங்கால் சில மணித்தியாலத்துக்குள் வீங்கினால், மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம், அந்த நார் அறுந்திருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படவேண்டும். வலைப்பந்தில் ஓடி வந்து சடுதியாக நிற்கவேண்டியிருப்பதால் இந்தக் காயம் அதிகம். ஒரே மாதிரி விளையாட்டில் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இது வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். நோயாளியாக ஒரு பிள்ளை இந்தக் கதையோடு வந்திருந்தால் என்ன செய்திருப்போம்? படுக்கவைத்துப் பரிசோதித்திருப்போம், படம் எடுக்க எழுதியிருப்போம், ஓடவே கூடாது என்று சொல்லியிருப்போம். ஆனால் இரண்டு கிழமையில் கண்டியில் சுற்றுப்போட்டி இருந்தது. வேறு கோல் ஷூட்டர் எங்களிடம் இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணமும் நாங்கள்தான். மற்றப் பிள்ளைகளை இறக்கிப் பழக்கியிருக்கவில்லையே.

போட்டியன்று காலை முழங்காலை அமர்த்திப் பார்த்து, “நோகுதா?” என்று கேட்டோம். “இல்லை மிஸ்.” சந்தோசப்பட்டோம்.

மூன்றாவது காற்பகுதியில் அதே மாதிரி எழும்பி இறங்கினாள். சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எங்களுக்கும் கேட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் பின் இருக்கையில் அவளைக் காலை நீட்டிப் படுக்கவைத்தோம். போகும்போது பைலா பாடிய பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. கடுகண்ணாவை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு அவள் முகம் சுருங்கியது. அப்போது அவள் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “சொறி மிஸ், கப் போயிட்டுது” என்று அழுதாள். நார் அறுந்த பிள்ளை எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்கு அந்த பஸ்ஸில் மூன்று பயிற்றுவிப்பாளர்கள் இருந்தோம். மூவரும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

முதல் நாளே பாதி போயிருந்த நார் முழுதாக அறுந்து, உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. சத்திரசிகிச்சை, பிறகு மாதக்கணக்கில் இயன்மருத்துவப் பயிற்சி. அந்த வருடம் செப்டெம்பரில் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. இலங்கை 69, சிங்கப்பூர் 50. அந்தக் கிழமை அவளைப் பார்க்கப் போனோம். தலையணையில் கால். “தர்ஜினி அக்கா விளையாடினதைப் பார்த்தீங்களா மிஸ்?” என்றுதான் முதலில் கேட்டாள்.

அன்றைக்குத்தான் நாங்கள் கேட்டோம்: “கண்டியில ஏன் பொய் சொன்னீங்க பிள்ளை?”

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: “பேரை எழுதிக் குடுத்த பிறகுதானே மிஸ் கேட்டீங்க.”

அக்காமாரே, தங்கைமாரே, இந்த உரையில் எங்களுடைய சொந்தச் சரக்கு என்று ஒன்றும் இல்லை. நாங்கள் படித்தது இந்த ஒரு வசனத்தைத்தான். நாங்கள் கேட்டது உண்மைதான். ஆனால் ஏழு பேரின் பெயர் எழுதப்பட்டு, அணி கோட்டுக்கு வந்து, எல்லாப் பிள்ளைகளும் சுற்றி நிற்கும்போது கேட்டோம். அந்த நேரத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. வைத்தியசாலையில் நோயாளியிடம் திரையை இழுத்துவிட்டுக் கதைக்கவேண்டும் என்று தெரிந்த நாங்கள், பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதைச் செய்யவில்லை.

அதற்குப் பிறகு சில விடயங்களை மாற்றினோம். பெயர்ப்பட்டியல் எழுதுவதற்கு முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகக் கதைப்போம். நோகுது என்று சொல்கிறவள் அணியை விட்டுப் போவதில்லை. அதே சட்டையோடு எங்களோடு பஸ்ஸில் வருவாள், புள்ளி எழுதுவாள், சுகமானதும் அவளுடைய இடம் அவளுக்கே. பயணம் வருகிற எல்லாப் பிள்ளையும் குறைந்தது ஒரு காற்பகுதி ஆடவேண்டும். பயிற்சியின் முதல் பத்து நிமிடம் எழும்பி இறங்கப் பழகுவதற்கு: முழங்கால் மடிந்து, கால்விரலுக்கு நேராக, சத்தமில்லாமல். அவுஸ்திரேலியாவில் வலைப்பந்து அமைப்பே இப்படிப்பட்ட பயிற்சிகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. காசு செலவில்லை, பத்து நிமிடம் போதும். அதை எங்களுக்கு முதல் வருடமே செய்திருக்கலாம்.

இவற்றால் சில போட்டிகளில் தோற்றோம். மறைக்கவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கள் அணியில் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளைகளும் இருந்தார்கள், மருதானை முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள். கொச்சிக்கடைத் தேவாலயத்தில் நடந்ததை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. மே மாதம் பயிற்சியைத் தொடங்கியபோது ஐந்து பேர் வந்தார்கள். எங்களுடைய 1996 திரும்பி வந்தது போல இருந்தது. இந்த முறை கூப்பிட்டுக்கொண்டு இருக்காமல் வீடு வீடாகப் போனோம். “ஏன் அனுப்பவில்லை?” என்று கேட்கவில்லை. “எப்படி இருக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு இருந்தோம். தேத்தண்ணி வந்தது, கதை வந்தது. பயத்தைப் பற்றித் தாய்மார் கதைத்து முடித்த பிறகு, நாங்கள் எதிர்பாராத வேறு விடயங்களும் வந்தன.

ஒரு தாய் சொன்னா, போட்டி நாட்களில் பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லையாம். ஏன் என்று கேட்டோம். “போற இடத்தில கக்கூஸ் கதவு பூட்டாது மிஸ்.” எங்களுக்குக் காது சூடாகியது. மத்தியான வெயிலில் காற்சதை பிடித்துக்கொண்டு விழுந்த பிள்ளைகளுக்கு நாங்கள் ஜீவனி கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தோம், உப்புக் குறைவு என்று விளக்கமும் சொன்னோம். பிள்ளைகள் ஏன் குடிக்கவில்லை என்பதைக் கேட்கவில்லை. நாங்களும் அந்த வயதில் குடிக்காமல்தான் போனோம். எப்படி மறந்தோம் என்று தெரியவில்லை.

இன்னொரு பிள்ளை மாதத்தில் நாலு நாள் பயிற்சிக்கு வரமாட்டாள். ஒழுங்கில்லாதவள் என்று எங்கள் கொப்பியில் எழுதி வைத்திருந்தோம். மூன்று பெண்கள், அதில் ஒருவர் வைத்தியர்! 2022இல் பெற்றோல் வரிசையும் பால்மா வரிசையுமாக நாடு நின்ற காலத்தில், நப்கின் பக்கெட்டின் விலை ஏறி, அந்தப் பிள்ளையின் வீட்டில் அக்காவும் தங்கையும் ஒரு பக்கெட்டைப் பங்கிட்ட கதை வெளியே வந்தபோதுதான் அந்த நாலு நாளின் கணக்கு எங்களுக்கு விளங்கியது. களைத்துப் போகிற இன்னும் சிலரைப் பரிசோதித்துப் பார்த்தால் இரும்புச்சத்துக் குறைவு. சோம்பல் என்று நாங்கள் ஏசியவர்கள் அவர்கள். இன்றைக்கு முதலுதவிப் பையில் ஒரு துணிப்பை இருக்கிறது. எடுக்கிறவள் யாரிடமும் கேட்கத் தேவையில்லை, யாரும் எண்ணுவதும் இல்லை.

கிண்ணம் கிடைத்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. ஒரு முறை மாகாண மட்டத்தில் காலிறுதிவரை போனோம், அவ்வளவுதான். ஆனால் 2017இல் பதினான்கு பிள்ளைகள் இருந்த அணிக்கு இந்த வருடம் முப்பத்தொரு பேர் சப்பாத்துக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். சாதாரண தரப் பரீட்சை வந்தால் ரியூசனுக்காக எல்லோரும் நின்றுவிடுவார்கள். இப்போது சிலர் சனிக்கிழமை ஒரு மணித்தியாலமாவது வருகிறார்கள். போன மாதம் ஒரு சின்னப் பிள்ளை, போட்டிக்கு முதல் நாள், எல்லோருக்கும் முன்னால் கையை உயர்த்தி, “மிஸ், எனக்குக் குதிக்கால் நோகுது, நாளைக்கு நான் புள்ளி எழுதுறேன்” என்றாள். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது சாதாரண விடயமாகிவிட்டது. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உயரமான பிள்ளை மீண்டும் அணியில் ஆடவில்லை. முழங்கால் நடக்க, படி ஏற, பஸ் பிடிக்க நன்றாக உதவுகிறது. எழும்பி இறங்க அவளுக்கே மனம் வரவில்லை. ஆனால் நடுவர் பரீட்சை எழுதித் தேறினாள். இப்போது எங்கள் பயிற்சிப் போட்டிகளுக்கு விசில் ஊதுவது அவள்தான். கோட்டோரம் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஓடுகிறாள். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று கேட்டபோது, “சொல்லுங்க மிஸ். நான் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்க” என்றாள். சொல்லிவிட்டோம். அந்தப் பொய்யில் எங்கள் பங்கையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதிக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் உள்ளூரிலிருந்தும் பணம் வருகிறது. கிண்ணங்கள் வைக்க ஒரு கண்ணாடி அலுமாரி செய்யலாம் என்று ஒரு யோசனை இருப்பதை அறிவோம். அலுமாரி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முதல் விளையாட்டு முற்றத்தின் பின்னால் உள்ள மலசலகூடத்துக்கு உள்ளே பூட்டும் கதவு போடுவோம். குடிதண்ணீர்க் குழாய் ஒன்று வைப்போம். சீமெந்துத் தரைக்கு மேல் பிள்ளைகளின் முழங்காலைக் காக்கும் விரிப்பு ஒன்று போடுவோம். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் சப்பாத்துகளில் பெரிய அளவுகளையும் சேருங்கள், உயரமான பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள்.

கொழும்பில் இருக்கிறவர்களிடம் காசு கேட்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் முற்றத்துக்கு வாருங்கள். வலைப்பந்து தெரியத் தேவையில்லை. வாங்கில் இருந்து, பக்கத்தில் வந்து இருக்கிற பிள்ளையிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் போதும். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள். பதில் உடனே வராது.